அமீனா வீட்டுப் பத்தியம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரு நாய்க்காக உப்பைத் துறந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவரோடு சேர்ந்து, சம்மதம் கேட்கப்படாமலே உப்பைத் துறந்தவன் இன்னொருவன். முன்னவர் தக்கலையில் எங்கள் தெருவில் இருந்த கோர்ட்டு அமீனா. பின்னவன் நான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முகத்தைச் சுளித்து, இனி உப்பே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். "இந்த வயசுல எப்படிப்பா தாங்குவிய?" என்று மகள் கண் கலங்குகிறாள். அம்மா, உன் அப்பன் மீசை முளைத்த வயதிலேயே இதைத் தாங்கியவன். அந்தக் களைப்பே இன்னும் தீரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்குத் தக்கலைப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை கிடைத்தது. சொந்த ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். தினமும் போய்வர முடியாது. அறை தேடினேன். அமீனா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, சாப்பாடும் அங்கேயே என்றார்கள். அந்த அறை ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இளந்தாரிகளுக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாது.

அமீனா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு புகுந்து, அண்டா, குண்டா, கட்டில், பசுமாடு என்று ஜப்தி செய்து முற்றத்தில் அடுக்கி, ஊர் கேட்க உரக்க அறிவிக்கிறவர். எங்கள் அமீனா ஆறடி உயரம். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, அதற்குக் கீழே மீசை. அவர் முற்றத்தில் நின்று அறிவித்தால் பக்கத்து ஊரில் கன்றுக்குட்டி பால் குடிப்பதை நிறுத்தும். தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எங்கள் தெருப் பித்தளைப் பாத்திரங்களெல்லாம் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். யாருக்கும் கோர்ட்டில் வழக்கு இல்லாத நாளிலும் இறங்கும். ஒரு பழக்கம்தான்.

அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பெண் கொடுத்தால் சீதனப் பாத்திரத்தையும் ஜப்தி செய்துவிடுவார் என்று ஊரில் பயந்தார்களோ என்னவோ. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் நேரே நின்று 'ஏமானே' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

நான் குடிபோன புதிதில் கடியப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டுக்கு அவர் ஜப்திக்குப் போனார். சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்தபோது காலியான முற்றத்தில் ஒரு செவலை நாய்க்குட்டி நின்று வாலை ஆட்டியது. வீட்டுக்காரன் வயிற்றெரிச்சலில், "பாக்கி இது ஒண்ணுதான் ஏமானே, இதையும் கொண்டு போங்க" என்று கத்தினான். அமீனா சொன்னதைச் செய்யும் மனிதர். கொண்டு வந்துவிட்டார். குட்டிக்குப் பாக்கி என்ற பெயரும் வழியிலேயே நிலைத்துவிட்டது.

வந்த அன்று பாக்கிக்கு ராஜ உபசாரம். அயிலை மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, மேலே ஒரு துண்டு வெல்லம். மறுநாள் குட்டி கிடந்த கிடையைப் பார்த்து அமீனா வெலவெலத்துப் போனார். தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடினார். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே துணிச்சலோடு மருந்து கொடுக்கும் கிழவர் அவர்.

"ஏமானே, நாயிக்கொடலும் மனுசக்கொடலும் ஒண்ணுன்னு ஒமக்கு எவன் சொன்னான்?" என்று வைத்தியர் சீறினார். பிறகு சட்டம் போட்டார். உப்பு, புளி, மிளகாய், உள்ளி ஆகாது. இனிப்பு ஆகாது. மீன் கொடுக்கலாம், முள் ஆகாது. இறைச்சி கொடுக்கலாம், வெந்த எலும்பு ஆகவே ஆகாது. அது ஊசி ஊசியாக உடையும். மரச்சீனிக் கிழங்குத் தோலும் அதை அவித்த தண்ணீரும் விஷம். குழைய வெந்த சோறு, பூசணிக்காய், முள்ளெடுத்த மீன், எப்போதாவது ஒரு முட்டை. அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். கிழவர் வாய் சும்மா இராமல், "பால்குடிப் பிள்ளைக்கு நோவு வந்தா தாயில்லா பத்தியம் இருப்பா? ஒம்ம குட்டிக்குத் தாயி யாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அமீனாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது. கோர்ட்டில் சொன்னாலும் வைத்தியர் சொன்னாலும் அவருக்கு உத்தரவு உத்தரவுதான். அன்று முதல் அந்த வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே சமையல். நாய்க்கு என்னவோ அதுவே அவருக்கு. அவருக்கு என்னவோ அதுவே எனக்கு.

முறையும் உண்டு. முதல் வாய் அவர். இரண்டாம் வாய் நான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் பாக்கிக்கு. பெரிய கோயில்களில் நைவேத்தியத்துக்குக்கூட இத்தனை காவல் இருக்காது. என் வாயில் சோறு போனதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார்.

"வாத்தியாரே, கொள்ளாமா?"

நன்றாயிருக்கிறதா என்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பது. "உயிரு கெடக்கு அண்ணாச்சி" என்பேன். அவருக்கு அது போதும். பாக்கிக்கு வட்டில் வைத்துவிடுவார்.

ஒரு நாள் பொறுக்காமல் ஓர் உப்புக்கல்லைத் தாளில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒளித்து வைத்த சாமானைக் கண்டுபிடிப்பதே தொழிலான மனிதரிடமா? "இடுப்புல என்னவே?" என்றார். எடுத்து வைத்தேன். "நாயி ஒம்ம கையைத்தானே நக்கும்? அதை யோசிச்சீரா?" என்றார். யோசிக்கவில்லைதான்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தால் மீன்சட்டி காத்திருக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முள் எடுப்போம். நான் எடுத்து முடித்ததை அவர் வாங்கி, விரலால் தடவித் தடவி இன்னொரு தடவை பார்ப்பார். ஒரு முள் அகப்பட்டால் போதும், என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுவாக்கும் நீரு பிள்ளையளுக்குப் படிப்பிக்க லெச்சணம்" என்பார். வேறு வீடு பார்த்துப் போயிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன். அமீனா வீட்டில் இருந்தவன் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கல்யாண வீடுகள் வந்தால் இன்னும் மோசம். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பருப்பும் நெய்யும் தொடங்கி எரிசேரி, அவியல், உள்ளித்தீயல் என்று போய் பாயசத்தில் முடிகிற வரையில் இலையை விட்டுத் தலை நிமிர முடியாது. முடிந்ததும் எச்சில் இலைகள் கொல்லையில் போய் விழும். ஊர் நாய்களுக்கு அங்கே இரண்டாவது கல்யாணம். பாக்கி அங்கே போய்விடக் கூடாதே என்று அமீனா பந்தியில் உட்காராமல் கம்பும் கையுமாகக் கொல்லையில் போய் நின்றுகொள்வார். ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் யதேச்சையாகப் பின்பக்கம் வந்தார். கோட்டுப் போட்ட அமீனா சமையல் கொட்டகையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறார். அவ்வளவுதான். மனிதர் உள்ளே ஓடிப்போய் ஏதோ சொன்னார். பந்தி நடக்கும்போதே சமையல்காரர்கள் வார்ப்பையும் உருளியையும் வைக்கோற்போருக்குள் திணித்தார்கள். அதில் ஒன்றில் பாயசம் இருந்தது. நான் கடைசிப் பந்தி. எனக்குப் பாயசம் இல்லாமல் போனது பாக்கியால்தான்.

அடுத்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. ஒரே சட்டியில் தின்ற மூன்று பேரில் நான் இளைத்துக்கொண்டே போனேன். பாக்கி கொழுத்துக்கொண்டே போயிற்று. அமீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பினார். "சோறு கூடிப்போச்சு போலிருக்கு வாத்தியாரே" என்று அரிசியைக் குறைத்தார். நான் இன்னும் இளைத்தேன். பாக்கி இன்னும் பெருத்தது. மறுபடியும் குறைத்தார். என் சட்டைக்குள் இன்னொரு வாத்தியாருக்கு இடம் உண்டாயிற்று.

நடந்தது இதுதான். அமீனா நாயைப் பட்டினி போடுகிறார் என்று தெருவே நம்பியது. உப்பில்லாத சோற்றை நாய்க்கு வைக்கிற பாவியும் உண்டா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அதற்குச் சாட்சி நான். "அந்த வாத்தியாரு கோலத்தைப் பாத்தா தெரியல்லியா? மனுசனுக்கே அந்தக் கெதின்னா, வாயில்லாச் சீவன் என்ன செய்யும்?" என்று சொல்லிச் சொல்லி ஆளுக்கு ஒரு வாய் பாக்கிக்குப் போட்டார்கள். அமீனாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் போட்டார்கள். ஆகையால் ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் அந்த நாயைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாட்சிக்கு ஒரு வாய் போட வேண்டும் என்று ஒரு வீட்டுக்கும் தோன்றவில்லை. வாத்தியாருக்கு மிச்சம் மீதியைக் கொடுப்பது மரியாதை இல்லையாம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. பாக்கி எழுந்திருக்கவில்லை. வயிறு ஊதி, வாயில் நுரை கட்டி, கண்ணை மட்டும் திருப்பி அமீனாவைப் பார்த்தது. அன்று கோர்ட்டு நாள். அமீனா கோர்ட்டுக்குப் போகாத நாள் என்று ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிழட்டு வைத்தியரை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது ஒம்ம சட்டிச் சோறு தின்ன வயிறு இல்ல. வெளியில என்னமோ தின்னுருக்கு. மரச்சீனித் தோலுன்னா இப்பமே கக்க வெக்கணும், இல்லேன்னா உச்சிப்பொழுது தாண்டாது. எலும்போ முள்ளோன்னா கக்க வெக்கவே கூடாது, வழியெல்லாம் கீறிப்போடும். எதுன்னு கேட்டுட்டு வாரும். பைய இல்ல, ஓடிப்போயி கேட்டுட்டு வாரும்."

அமீனா ஓடினார். கோட்டோடு, தலைப்பாகையோடு ஓடினார். அதுதான் தப்பாகப் போயிற்று. அமீனா ஓடி வருகிறார் என்றதும் தெரு முழுவதும் கிணற்றுக் கப்பிகள் கிறீச்சிட்டன. முதல் வீட்டில் போய், "ஒங்க அடுக்களையில என்ன இருந்தது? மறைக்காம சொல்லணும்!" என்று தன் தொழில் குரலில் கேட்டார்.

"எங்க வீட்டுல ஒண்ணுமில்ல ஏமானே."

"நாயிக்கு என்ன குடுத்திய?"

"எங்களுக்கே தின்ன ஒண்ணுமில்ல, நாயிக்கா குடுக்கப் போறோம்?"

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. எதிர்வீட்டு உபதேசியார் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சபையில் எல்லோருக்கும் ஜெபம் பண்ணுகிறவர். அவரும் வாசற்படியில் நின்று, வேதத்தில் சேவல் கூவுமுன் மறுதலித்த சீஷனைப் போல, மூன்று தரம் மறுத்தார். கூவி நினைவுபடுத்த வேண்டிய சேவலோ முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையே குழம்பாகியிருந்தது.

அமீனா திரும்பி வந்து முற்றத்தில் நின்றார். அந்த மீசைக்கு மேலே கண்ணீர் வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். "என் ஆயுசு முழுக்க எல்லாரும் எனக்கிட்ட ஒளிச்சாவ வாத்தியாரே. நான் கண்டுபிடிச்சேன். இதை எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார். தெருவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வந்து கேட்ட கேள்விக்கு உண்மை சொன்ன வீடுகள் வெறுந்தரையில் படுத்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு கோட்டைக் கழற்றினார். தலைப்பாகையை எடுத்தார். உள்ளே போய்த் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் போட்டார். அடுத்து உருளி. செம்புப்பானை. குத்துவிளக்கு. குடை. பாயும் தலையணையும். இன்னொரு வீட்டில் செய்வதைப் போலவே, ஒரு சாமான் விடாமல் வரிசையாக அடுக்கினார். என் தகரப் பெட்டியும் வந்தது.

"அண்ணாச்சி, அது என் பெட்டி."

"ஜப்தி நேரத்துல எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான், சும்மா இரியும்" என்று சொல்லி அதையும் வரிசையில் வைத்தார்.

பிறகு தெரு நடுவில் நின்று அறிவித்தார். அதே குரல்தான். ஆனால் பாதியில் உடைந்து போயிற்று.

"எல்லாரும் கேக்கணும்! இது கோர்ட்டுக் காரியம் இல்ல. இது என் சாமான். என் வீட்டுல இனி ஒண்ணும் பாக்கி கெடையாது. எது வேணுமோ எடுத்துக்கிடுங்கோ. என் பிள்ளைக்கு என்ன குடுத்தியன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஒங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அது சாவக் கெடக்கு."

கிணற்றுக் கப்பிகள் நின்றுவிட்டன. முதலில் வந்தது பலசரக்குக் கடைக்காரர். "நான் சாயங்காலம் ஒரு துண்டு கருப்பட்டி போடுவேன் ஏமானே" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், மடை திறந்தது. ஒருத்தி தோசை. ஒருத்தி முந்திரிக்கொத்து. ஒருத்தி மாப்பிள்ளைக்குச் செய்த அதிரசத்தில் பாதி. கடியப்பட்டணத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரி, "நானும் வாற நாளெல்லாம் ரெண்டு சாளை போடுவேன், பச்சை மீனுதான்" என்று மூக்கைச் சிந்தினாள். ஒருவருக்கொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "ஏட்டி, நீயுமா?" என்றாள் ஒருத்தி. நான் என் பெட்டிமேல் உட்கார்ந்து, எனக்கு வராத பலகாரங்களின் பெயரையெல்லாம் காதால் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாக உபதேசியார் மனைவி வந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நேத்து கோழி எலும்பு... நான்தான் குடுத்தேன். கடிக்கக் கஷ்டப்படுமேன்னு அம்மியில வெச்சு நொறுக்கிக் குடுத்தேன். என்னை மன்னிக்கணும்."

அமீனா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார். "எலும்பு! எலும்பு! கக்க வெக்காதியும்!"

வைத்தியர் கையில் எடுத்து வைத்திருந்த கஷாயத்தைக் கீழே ஊற்றினார். "இனி மருந்து ஒண்ணுதான். சோத்தையும் பூசணிக்காயையும் களியாக் குழைச்சு உருட்டி உருட்டிக் குடும். எலும்பைச் சுத்திக்கிட்டு வெளியில வரட்டும். அதாவது ஒம்ம சட்டியில தெனமும் என்ன வேகுதோ, அதுவாக்கும்."

உருட்டினார். பாக்கி வாயைத் திறக்கவில்லை. முந்திரிக்கொத்து தின்ற நாக்குக்கு அது ருசிக்குமா? அமீனா ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு உருண்டையில் ஒரு வாய் தான் தின்றார். ஒரு வாய் என் வாயில் திணித்தார். வாசலில் தெரு முழுவதும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் மென்று விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். பாக்கி என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, முறை தப்பவில்லை என்று தெரிந்துகொண்டதைப் போல மெல்ல வாயைத் திறந்தது.

மறுநாள் சாயங்காலம் அமீனா தெருவில் வந்து நின்று, சமஸ்தானமே கேட்கும்படி அறிவித்தார்: "எலும்பு வெளியில வந்தாச்சு!" அமீனாவின் அறிவிப்பைக் கேட்டு எங்கள் தெரு கைதட்டியது அந்த ஒரு தடவைதான். சாமான்கள் முந்தின நாளே உள்ளே போய்விட்டன. யாரும் ஒரு கரண்டியைக்கூட எடுக்கவில்லை. என் பெட்டியைத்தான் மறந்து தெருவிலேயே விட்டிருந்தார்கள். பனியில் நனைந்து கிடந்தது.

அதன் பிறகு ஒரு வீடும் பாக்கிக்குக் கண்டதைப் போடவில்லை. வாசலில் வந்து வாலை ஆட்டினால், "போ மக்கா, ஒனக்கு ஆகாது" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று வருந்துவார்கள். ஆனால் பழகின கை சும்மா இருக்காதல்லவா? ஒரு நாள் உபதேசியார் மனைவி என்னைக் கூப்பிட்டு ஓர் அதிரசத்தை இலையில் வைத்து நீட்டினார். "நாயிக்குன்னு எடுத்து வெச்சது சாரே, வீணாப் போவுது" என்றார். மரியாதையைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. வாங்கித் தின்றேன். இந்த உடம்பில் இருப்பது அப்போது ஏறிய சதைதான்.

பாக்கி நெடுநாள் இருந்து, கண் மங்கி, பல் போய், கடைசிவரை குழைந்த சோறும் பூசணிக்காயும் தின்று, ஒரு மத்தியானம் அமீனாவின் செருப்பின்மேல் தலை வைத்துப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றில் உப்பு இருந்தது. இனி யாருக்காக என்று போட்டாரோ, கை தவறியோ, நான் கேட்கவில்லை. அவர் ஒரு வாய் வைத்தார். நான் ஒரு வாய் வைத்தேன். கொள்ளாமா என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேராலும் இறக்க முடியவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டோம். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் பழையபடி உப்பில்லாத சோறுதான். அவர் இருந்த வரைக்கும் அப்படித்தான்.

நேற்று மகள் எனக்கு முதல்முதலாக உப்பில்லாமல் சோறும் பூசணிக்காயும் குழைத்து வைத்தாள். நான் எப்படித் தின்னப் போகிறேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு வாய் வைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்தான் தானாகச் சொல்லிற்று:

"கொள்ளாம் அண்ணாச்சி."